நாய், பூனைகளின் நோயறிய தெர்மல் கேமரா: தயாரிப்பு முதல் படத்தை வாசிப்பது வரை முழுமையான வழிகாட்டி

நொண்டி நடக்கும் நாயையோ, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வரும் பூனையையோ தெர்மல் கேமரா வழியாகப் பார்த்தால், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படம் சில நொடிகளில் திரையில் வந்துவிடும். அந்தப் படத்தை நம்பி ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால், அதற்கு முன் ஏறத்தாழ அரை மணி நேர வேலை இருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தைச் சுருக்கப் பார்க்கும்போதுதான். ஆகவே இங்கே படிகளின் வரிசைக்கே முதலிடம் தரப்பட்டுள்ளது.

சிறு கிளினிக்குகளில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்களையும் உதவியாளர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. கைபேசியில் செருகும் கேமரா வைத்திருக்கும் வளர்ப்போர் ஏழாம் படி வரை தாங்களே செய்து பார்க்கலாம். அதற்குப் பின் வருபவை மருத்துவரின் வேலை.

1. கேமரா எதை அளக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தெர்மல் கேமரா உடலுக்குள் எதையும் பார்ப்பதில்லை. உடலின் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களை, பெரும்பாலான கருவிகளில் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களில், வாங்கிக் கணக்கிட்டு அதை வெப்பநிலையாக மாற்றிக் காட்டுகிறது. மேற்பரப்பின் சூட்டை முதன்மையாகத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் ஓடும் இரத்தம். அழற்சி உள்ள இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிவதால் அங்கே சூடு கூடுகிறது. இரத்தம் தடைபட்ட இடத்திலும், வெகுநாள் பயன்படுத்தாமல் தசை மெலிந்த காலிலும் சூடு குறைகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தாமாகவே வருகின்றன. முதலாவது, கல்லீரல், சிறுநீரகம் போன்ற ஆழத்திலுள்ள உறுப்புகளின் நோயை இக்கேமராவால் தேட முடியாது. இரண்டாவது, அடர்ந்த ரோமமுள்ள விலங்கில் கேமரா காண்பது தோலை அல்ல, ரோமத்தின் வெளி நுனியை. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை ரோம நாய்களில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு, பொமரேனியனிலோ பாரசீகப் பூனையிலோ ரோமத்துக்குள் புதைந்துவிடும்.

2. தேவையான கருவி

கேமராவின் விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருக்கும் வெப்பநிலை வரம்பைப் பார்க்க வேண்டாம். 400 டிகிரி வரை அளக்கும் கருவியால் நமக்குப் பயன் இல்லை. பார்க்க வேண்டியவை வெப்ப நுணுக்கம், பிக்சல் எண்ணிக்கை, படத்தைச் சேமிக்கும் முறை ஆகிய மூன்றும்தான்.

வெப்ப நுணுக்கம், அதாவது கேமராவால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய வெப்பநிலை வேறுபாடு, 0.05 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் நுட்பமாக இருப்பது நல்லது. இதைத் துல்லியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவ்வகைக் கேமராக்கள் பலவற்றின் துல்லியம் கூடுதல் குறைவாக 2 டிகிரிதான். அதாவது, திரையில் 35 என்று காட்டினால் உண்மை 33 ஆகவும் இருக்கலாம், 37 ஆகவும் இருக்கலாம்; ஆனால் ஒரே படத்தில் இடது காலுக்கும் வலது காலுக்கும் உள்ள அரை டிகிரி வேறுபாட்டை அதே கேமரா சரியாகக் காட்டிவிடும். ஒப்பிடுவதற்கு ஏற்ற கருவி இது. தனி எண்ணைச் சொல்வதில் பலவீனமானது.

பிக்சல் எண்ணிக்கையை ஒரு சின்னக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். கிடைமட்டமாக 45 டிகிரி பார்வைக் கோணமும் 320 × 240 பிக்சலும் கொண்ட கேமராவில், ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டரை மூடும். 80 × 60 பிக்சலும் 50 டிகிரி கோணமும் உள்ள மலிவான கருவியில் ஒரு பிக்சல் 11 மில்லிமீட்டருக்கும் மேல். பூனையின் பாதம் முழுவதும் இரண்டு மூன்று பிக்சலில் அடங்கிவிட்டால், பின்னணியின் குளிர்ச்சியும் அந்த எண்ணிலேயே கலந்துவிடும். அளக்கும் இடம் குறைந்தது 3 × 3 பிக்சலையாவது நிறைக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. அடிக்கடி பயன்படுத்துவதாக இருந்தால் 320 × 240 வாங்குவதே மேல்.

படத்தை ரேடியோமெட்ரிக் முறையில், அதாவது ஒவ்வொரு பிக்சலின் வெப்பநிலையும் கோப்பிலேயே இருக்கும்படி, சேமிக்க முடிய வேண்டும். வெறும் வண்ணப்படமாகச் சேமித்தால் பின்னர் அளவிடவே முடியாது.

3. அறையைத் தயார்செய்தல்

நம் ஊர் வெயிலில் பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். தோலின் மேற்பரப்பு பொதுவாக 30 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும். அறையும் 33 டிகிரியில் இருந்தால், உடலிலிருந்து வெப்பம் வெளியேற வழியில்லாமல் முழு விலங்கும் ஒரே நிறமாகத் தெரியும். நாயும் மூச்சிரைக்கத் தொடங்கிவிடும். சென்னையின் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் எடுத்த படத்தில் வாசிப்பதற்கு ஒன்றும் இருக்காது. மின்தடை இருந்தால் அன்று படம் எடுப்பதையே தள்ளிவைத்துவிடலாம்.

அறை 20 முதல் 25 டிகிரிக்குள் நிலையாக இருக்க வேண்டும். 23 அல்லது 24 வசதியானது. விலங்கு வருவதற்கு அரை மணி முன்பே ஏசியைப் போட்டு, அறை குளிர்ந்த பின் காற்று நேராக விலங்கின் மேல் படாதபடி திசையை மேலே திருப்பிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் காற்று பட்டால் அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்து, இல்லாத நோய் ஒன்று படத்தில் முளைக்கும்.

சன்னலில் திரை போடுங்கள். சூடான குண்டு பல்பு, ஸ்டெரிலைசர், கணினியின் பின்புறம் போன்றவை பின்னணியில் வரக் கூடாது. எவர்சில்வர் மேசை கண்ணாடிபோல வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்; நாயின் வயிற்றுச் சூடும் பிடித்திருப்பவரின் முகமும் மேசையில் தெரியும். அதன் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டால் போதும். தரையில் விரித்து அங்கேயே நிற்கவைப்பது இன்னும் நல்லது.

4. உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

சந்திப்பு நேரம் கொடுக்கும்போதே இவற்றைச் சொல்லிவிட வேண்டும். வந்த பின் சொல்லிப் பயனில்லை.

அன்று குளிப்பாட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது. ஈரம் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து தெரியும். வலி தைலம், களிம்பு, உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டு மருந்து ஆகியவை அன்று வேண்டாம். வருவதற்கு முன் ஓடவிட்டுக் களைப்பாக்கக் கூடாது. ரோமத்தை வெட்டிச் சுத்தமாகக் கொண்டுவருகிறோம் என்று அன்பாகச் சிலர் கிளம்புவார்கள். அதையும் தடுக்க வேண்டும்.

கடந்த சில வாரங்களில் எங்கே ஊசி போடப்பட்டது, எங்கே ரோமம் மழிக்கப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் ஏற்ற முன்னங்காலில் மழித்த சதுரம், ரோமம் முழுதாக வளரும் வரை பல வாரங்களுக்குச் சூடான திட்டாகவே தெரியும்.

5. காத்திருக்கும் நேரம்

கழுத்துப்பட்டை, ஹார்னஸ், சட்டை, கட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, விலங்கை அந்த அறையிலேயே 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். கடும் வெயிலில் வந்த நாயாக இருந்தால் இளைப்பு அடங்கும் வரை, அரை மணிக்கு மேலும் ஆகலாம். தோல் அறையின் சூட்டோடு சமநிலைக்கு வருவதற்கான நேரம் இது.

இந்த நேரத்தில் அது நின்றுகொண்டோ நடந்துகொண்டோ இருப்பது நல்லது. வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கிவிட்டால் அந்தப் பக்கம் விரிப்பின் சூட்டைப் பிடித்துக்கொண்டு, எழுந்த பிறகும் சற்று நேரம் கூடுதலாகத் தெரியும். ஆட்டோவில் ஒரே பக்கம் படுத்து வந்த நாய்க்கும், காரின் சன்னலோரம் வெயில் பட்ட நாய்க்கும் இதேதான். உரிமையாளர் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தால், காத்திருந்ததற்குப் பொருளே இல்லை.

பூனைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. பயந்த பூனையின் காது நுனியிலும் பாதங்களிலும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, நான்கு பாதங்களும் சில்லென்று தெரியும். கூடையின் மேல்மூடியைத் திறந்து வைத்து, நாய்கள் குரைக்காத அறையில் விடுங்கள்.

6. கேமராவின் அமைப்புகள்

கேமராவைப் போட்டவுடன் படம் எடுக்க வேண்டாம். ஏறத்தாழ 10 நிமிடம் ஓடவிடுங்கள். அதன் உணர்கருவியே சூடாகிக்கொண்டிருக்கும்போது எண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். இடையிடையே உள்ளே 'டிக்' என்ற ஒலி கேட்கும். கேமரா தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. அந்த ஒலிக்குப் பின் படம் எடுப்பது நல்லது.

எமிசிவிட்டியை, அதாவது ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக வெளியிடுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணை, 0.98 என்று வையுங்கள். பல கருவிகள் 0.95 என்ற அமைப்போடு வருகின்றன. 24 டிகிரி அறையில் இது 0.3 டிகிரி அளவுக்குப் பிழை தரும். பெரிய பிழை இல்லை என்றாலும், ஒரு முறை 0.95, மறுமுறை 0.98 என்று மாறினால் இரு படங்களை ஒப்பிட முடியாது.

மிக முக்கியமானது வண்ண அளவுகோல். கேமராவைத் தானியங்கியாக விட்டால், அது ஒவ்வொரு படத்திலும் இருக்கும் குறைந்த சூட்டை நீலமாகவும் மிகுந்த சூட்டை வெள்ளையாகவும் விரித்துக்கொள்ளும். விளைவாக, ஒரு படத்தில் 1 டிகிரி வேறுபாடு தீப்பிடித்ததுபோல் சிவக்கும். இன்னொன்றில் 4 டிகிரி வேறுபாடு மங்கிக் கிடக்கும். அளவுகோலைப் பூட்டி, உதாரணமாக 24 முதல் 38 டிகிரி என்று நிலையாக வைத்து, அந்த விலங்குக்கு எடுக்கும் எல்லாப் படங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள். உரிமையாளர்கள் கைபேசியில் அனுப்பும் 'முழுக்கச் சிவப்பான' படங்களில் பெரும்பாலானவை அளவுகோல் பூட்டாதவைதாம்.

7. கை வைப்பதற்கு முன் படம்

வழக்கமான பரிசோதனையில் முதலில் தொட்டுப் பார்க்கிறோம், பிறகு படம் எடுக்கிறோம். இங்கே அது தலைகீழ். தெர்மல் படம் எடுத்து முடியும் வரை யாரும் அந்த இடத்தைத் தொடக் கூடாது. நோயில்லாத ஒரு நாயின் தொடையில் உள்ளங்கையைப் பத்து நொடி வைத்து எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள்: நான்கு விரல்களும் தனித்தனியாகத் தெரியும், மங்குவதற்கு ஒரு நிமிடமாவது ஆகும். நொண்டும் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, 'இங்கே சூடாக இருக்கிறது' என்று சொல்வதில் பொருளில்லை. ஸ்பிரிட் தடவுவது, ஸ்கேன் ஜெல் பூசுவது, ஆசனவாயில் வெப்பமானி வைப்பது எல்லாமே இதற்குப் பின்னர்தான்.

மயக்க மருந்தும் அப்படியே. டெக்ஸ்மெடிடோமிடின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஏசிபுரோமசின் விரிக்கும். இரண்டில் எதைக் கொடுத்தாலும் நீங்கள் பார்ப்பது மருந்தின் படம்.

விலங்கு நான்கு காலிலும் சமமாக நிற்க, ஒருவர் தலையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில், அளக்கும் பரப்புக்கு நேர் எதிரே கேமராவைப் பிடியுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் உடலின் வளைந்த ஓரங்கள் குளிர்ந்ததுபோல் தெரியும். வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்: இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின், மேலிருந்து முதுகு, பிறகு சந்தேகமுள்ள இடமும் அதற்கு எதிர்ப்பக்கமும் நெருக்கத்தில். விலை குறைந்த கேமராக்கள் பல நொடிக்கு 9 படங்கள்தான் எடுக்கும். அசையும் நாய் அதில் கலங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு கோணத்திலும் இரண்டு மூன்று எடுத்து, தெளிவானதை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவு வழியாக எடுக்க முடியாது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை விடாது.

8. படத்தை வாசித்தல்

முதலில் இயல்பான வரைபடம் மனத்தில் இருக்க வேண்டும். கண்கள், காதின் உட்பக்கம், அக்குள், தொடையிடுக்கு ஆகியவை எப்போதும் சூடாகவே இருக்கும். மூக்கு நுனி, பாதங்கள், வால் நுனி, காது நுனி ஆகியவை குளிர்ந்திருக்கும். தொடையிடுக்கு வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு இடுப்பு மூட்டில் நோய் என்று எழுதுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. நோயில்லாத விலங்குகளைத் தொடர்ந்து படமெடுத்துப் பார்ப்பதற்கு ஈடான பயிற்சி வேறில்லை. தடுப்பூசிக்கு வரும் நாய்களே இதற்குப் போதும்.

அடுத்து இட வல ஒப்பீடு. இரு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் பெட்டி வரைந்து அவற்றின் சராசரியை எடுங்கள். ஒற்றைப் புள்ளியின் உச்ச எண்ணை எடுத்தால், ரோமம் சற்றே பிளந்திருந்த ஓர் இடமே முடிவைத் தீர்மானித்துவிடும். சராசரியில் 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்து, இன்னொரு முறை எடுத்த படத்திலும் அது நின்றால், அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அரை டிகிரிக்குள் இருப்பதை ஒதுக்கிவிடலாம்.

பிறகு, திட்டின் வடிவத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில் எண்ணைவிட இது அதிகம் பேசும். நேர்கோட்டு ஓரமும் சதுர மூலையும் உள்ள திட்டு வெளியிலிருந்து வந்தது: மழித்த ரோமம், கழற்றிய கட்டு, ஹார்னஸின் பட்டை. நடுவில் மிகுந்து ஓரங்களில் மெல்லக் கரைவதே உடலின் சூடு. நக்கி ஈரமான இடம் ஒழுங்கற்ற நீலத் திட்டாகத் தெரியும்; காய்ந்த பின் அதே இடம் சிவப்பாக மாறினால் அங்கே தோல் அழற்சி இருக்க வாய்ப்புண்டு.

கடைசியாக, சூடான கால்தான் நோயுற்ற கால் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இடப் பின்னங்காலை ஊன்றாத நாய், உடல் எடையை வலக்காலில் போட்டுப் போட்டு அந்தக் காலின் தசைகளைச் சூடாக்கியிருக்கும். வெகுநாள் நொண்டலில் நோயுற்ற கால் மெலிந்து குளிர்ந்தும், நல்ல கால் சூடாகவும் இருப்பது வழக்கம். நாய் நடப்பதைப் பார்க்காமல் படத்தை மட்டும் வாசிப்பவர் நல்ல காலுக்கு எக்ஸ்-ரே எழுதிக் கொடுப்பார்.

9. எந்த நோய்களில் எவ்வளவு உதவும்

பூனையின் இரத்தக் கட்டி அடைப்பு: தெர்மல் கேமரா தன் விலையை நியாயப்படுத்தும் இடம் இதுதான். இதயத் தசை தடித்த பூனைகளில், இதயத்தில் உருவான இரத்தக் கட்டி பெருந்தமனியின் கடைக்கிளையில் போய் அடைத்துக்கொள்ளும். பூனை திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, வலியால் கத்தும். மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டதாக உரிமையாளர் நினைப்பார். முதுகெலும்புக் காயத்தில் பாதங்களுக்கு இரத்தம் போய்க்கொண்டே இருக்கும்; அடைப்பில் அவை குளிர்ந்துவிடும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கப்பட்ட காலுக்கும் அதே பக்கத்து நல்ல காலுக்கும் 2.4 டிகிரியோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் அது அடைப்பை நம்பகமாகச் சுட்டியது. இங்கே இட வல ஒப்பீடு உதவாது, ஏனெனில் இரு பின்னங்கால்களும் சேர்ந்தே அடைபடலாம். முன்னங்காலோடு ஒப்பிட வேண்டும். இது அவசர நிலை என்பதால் ஐந்தாம் படியின் காத்திருப்பை விட்டுவிடுங்கள். வலி மருந்தும் ஆக்சிஜனும் தயாராகும் நேரத்துக்குள் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, தொடைத் தமனியின் துடிப்பையும் பாத மெத்தையின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

நாயின் முழங்கால்: லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழிந்த முழங்காலில் சூட்டு வடிவம் மாறுவது உண்டு. குட்டை ரோம நாய்களில் இது நன்றாகத் தெரியும். மூட்டைக் கையால் அசைத்துப் பார்ப்பதும் எக்ஸ்-ரேயும் தவிர்க்க முடியாதவை. இடுப்பு மூட்டு தடித்த தசைக்கு அடியில் இருப்பதால் அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதுகெலும்பு வட்டு விலகல்: டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் முதுகின் நடுக்கோட்டில் மாறுபட்ட பட்டை தெரியலாம். அறுவைக்கான இடத்தை எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன்தான் முடிவுசெய்யும். கால் விரலை ஆழமாகக் கிள்ளினால் வலி உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பதே இங்கே அவசரமான வேலை. அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கேமராவைத் தேடக் கூடாது.

அறுவைக்குப் பிந்தைய புண்: தையலைச் சுற்றி முதல் சில நாட்கள் சூடு இருப்பது இயல்பு. குறைந்துகொண்டு வந்த சூடு மறுபடி ஏறினால் தொற்றைச் சந்தேகிக்கலாம். தோல் ஒட்டிய இடத்தில் குளிர்ந்த திட்டு விரிந்தால் அங்கே இரத்தம் போகவில்லை என்று பொருள். இறுக்கமான கட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் விரல்கள் குளிர்ந்து தெரிந்தால் உடனே கட்டைத் தளர்த்துங்கள்.

தோலடிக் கட்டிகளில் இரத்த ஓட்டம் குறைந்த கொழுப்புக் கட்டி பெரும்பாலும் சுற்றியுள்ள தோலைவிடக் குளிர்ந்திருக்கும். இருந்தாலும், படத்தை வைத்துக்கொண்டு 'இது வெறும் கொழுப்பு' என்று அனுப்பிவிடக் கூடாது. ஊசியில் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலுக்குத் தெர்மல் கேமரா வேண்டாம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட். இந்தச் சிறு இடைவெளிக்குள் முடிவெடுக்க, 2 டிகிரி வரை பிழைக்கக்கூடிய கருவியைக் கண்ணுக்கு நேராக நீட்டுவதைவிட, ஆசனவாயில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானியே சரி.

10. ரோமத்தை மழிக்க வேண்டி வந்தால்

அடர்ந்த ரோமமுள்ள நாயில் மழித்தே ஆக வேண்டும் என்றால், இரு பக்கத்தையும் ஒரே அளவில், ஒரே பிளேடால் மழியுங்கள். கிளிப்பர் உராய்வால் தோல் தற்காலிகமாகச் சிவக்கும் என்பதால் அதன் பின் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பூனையை இதற்காக மழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கலவரத்துக்குப் பின் எடுக்கும் படம் பெரும்பாலும் பயத்தின் படமாகவே இருக்கும்.

11. பதிவும் மறுபரிசோதனையும்

ஒவ்வொரு படத்தோடும் அறையின் வெப்பநிலை, காத்திருந்த நேரம், தூரம், எமிசிவிட்டி, வண்ண அளவுகோல், கடைசியாகக் கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதிவையுங்கள். அதே கோணத்தில் சாதாரணக் கேமரா படம் ஒன்றும் வேண்டும். சூடான திட்டின் மேல் உண்மையில் பழைய தழும்பு இருந்ததா, ஈரம் இருந்ததா என்பதை மறுநாள் அதில்தான் பார்க்க முடியும்.

வலி மருந்தோ இயன்முறைச் சிகிச்சையோ தொடங்கிய விலங்கை இரண்டு வாரத்துக்குப் பின் மறுபடி எடுக்கும்போது, முந்தைய எண்ணையும் இன்றைய எண்ணையும் நேரடியாக ஒப்பிட வேண்டாம். அறை ஒரு டிகிரி மாறியிருந்தாலே அது தவறாகிவிடும். அன்றைக்கு இட வல வேறுபாடு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்பதை ஒப்பிடுங்கள். அறிக்கையில் நோயின் பெயருக்குப் பதிலாக, 'வலமுழங்காலின் உட்பக்கம் இடதைவிட 1.4 டிகிரி கூடுதல். எக்ஸ்-ரே தேவை' என்பதுபோல் கண்டதையும் அடுத்த பரிசோதனையையும் மட்டும் எழுதி, அதன் அடியில் கையொப்பமிடுங்கள்.